மட்டச் சரக்கு என்று பெயர் வாங்கிய இரும்பு

இரும்பை விற்றாலும் இதயத்தில் இரும்பு கலக்காத விழாத் தலைவர், இரும்புக்கடை சௌந்தரபாண்டியன் அவர்களே! துருப்பிடித்த பொருளையும் துலங்க வைக்கும் கைக்காரர், இந்தக் கடைசல் பட்டறையின் உரிமையாளர் பூவனலிங்கம் அண்ணாச்சி அவர்களே! புதூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியவர் பரமசிவன் அவர்களே! தீப்பெட்டி ஆபீசுக்கு இன்று விடுமுறை என்றாலும், குச்சி அடுக்கிய பழக்கத்தில் விரல்களைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத தாய்மார்களே! ஒரு மழைக்காக ஓராயிரம் முறை வானத்தைப் பார்க்கும் கரிசல் காட்டுச் சம்சாரிகளே! பொரிகடலை வாங்கியாயிற்று, இந்தக் கூட்டம் எப்போது முடியும் என்று பார்த்திருக்கும் அன்புத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த முப்பிடாதியின் முதல் வணக்கம்.

ஆயுத பூசை மேடையில் ஆயுதங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று தலைவர் சொன்னார். ‘நீ பி.எஸ்ஸி. பௌதிகம் படிச்ச பிள்ளல்லா, சும்மா பேசு’ என்றார். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். ஆனாலும் வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்பதைப் பேச்சின் நடுவில் சொல்கிறேன். சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இதோ, மேடைக்கு வலப்புறம் பாருங்கள். கடைசல் எந்திரத்துக்குக் கதம்ப மாலை. பட்டறைக் கல்லுக்குச் சந்தனப் பொட்டு. சம்மட்டிக்குக் குங்குமம். அரத்துக்கு அருகம்புல். பேனா கட்டைக்கூட விடவில்லை, அதற்கும் ஒரு பொட்டு! இத்தனை பேருக்கும் பொட்டு வைத்தவர்கள் ஒருவரை மறந்துவிட்டார்கள். யாரை? அந்தச் சுவர் மூலையில் சாய்ந்து நிற்கிறதே, கறுப்பாக, நெட்டையாக, ஒரு உருட்டுக் கம்பி. அதைத்தான்!

அதற்குப் பெயர் என்ன? பாடப் புத்தகம் ‘மென் எஃகு’ என்கிறது, இங்கிலீஷில் ‘மைல்டு ஸ்டீல்’. கடைத்தெரு ‘எம்.எஸ். ராடு’ என்கிறது. என்ன அண்ணாச்சி? பின் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கும் அண்ணாச்சி, உரக்கச் சொல்லுங்கள்! ‘எம்.எஸ்.ன்னா மட்டச் சரக்கு தாயி!’ என்கிறார். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துக்கு இதுதான் அர்த்தம். மட்டம், சரக்கு, முடிந்தது.

மட்டமா அது? சற்றே எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டு ஜன்னலில் நின்று வெயிலை விட்டுத் திருடனை விடாமல் காவல் காப்பது எது? அந்தக் கம்பி. மாட்டு வண்டியின் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு வருவது எது? அந்தக் கம்பியில் மரை வெட்டிய போல்ட். தாய்மார்களே, நீங்கள் குச்சி அடுக்குகிறீர்களே, அந்தச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு எது? பம்புசெட்டைத் தரையோடு கட்டிப்போட்டிருப்பது எது? தொட்டில் கொக்கி எது? கதவு நாதாங்கி எது? எங்கள் பள்ளிக்கூடத்து மணி கூட, மணி இல்லை அம்மா, தண்டவாளத் துண்டு. அதைத் தொங்கவிட்டிருக்கும் வளையம் இந்த மட்டச் சரக்கு!

அதன் குணம் என்ன? சமையல் தெரிந்த தாய்மார்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். இரும்புக்குக் கரி, குழம்புக்குப் புளி. கொஞ்சம் கூடினாலும் குணம் மாறிவிடும். இரும்பில் கரி ஏற ஏற அது கெட்டிப்படும். கெட்டிப்படக் கெட்டிப்பட முறிகிற குணமும் கூடவே வரும். இந்த எம்.எஸ். கம்பியில் நூறு பங்குக்குக் கால் பங்கு கரி கூட இருக்காது. அதனால் அது என்ன சொன்னாலும் கேட்கும். வளை என்றால் வளையும். ஒட்டு என்றால் வெல்டிங்கில் ஒட்டும். கடைசலில் கொடுத்தால் சுருள் சுருளாகச் சீவிக்கொடுக்கும். நெருப்பில் போட்டு அடித்தால் நெகிழ்ந்து நீளும்.

குறை இல்லையா? உண்டு. ஒளிக்க மாட்டேன். கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். அருவாளுக்கு ஆகாது, உளிக்கு ஆகாது, கூர் நிற்காது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தாலும் அது கெட்டிப்படாது. ‘தோச்சாலும் ஏறல பாத்தியா, அதான் மட்டம்’ என்கிறார்கள். எதற்குப் படைத்ததோ அதற்கு வைத்துக்கொள்ளாமல், எதற்கு ஆகாதோ அதைச் சொல்லி ஏசுவது எந்த ஊர் நியாயம்? மாடு முட்டையிடவில்லை என்று யாராவது மாட்டை விற்பார்களா?

(கைதட்டல்)

இனி, நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா கொம்பையா கிணறு வெட்டுகிறவர். என்னைப் பட்டம் வாங்க வைத்ததில் பாதிப் பங்கு அவர் கடப்பாரைக்கு உண்டு. பெரியவர் பரமசிவன் அவர்களின் புஞ்சைக் கிணற்றை ஆழப்படுத்தும் வேலையில் அவர்தான் கீழே இறங்குகிறவர். மேலே கிரேன் நிற்கிறது. கிரேனின் உச்சியில் கப்பி. கப்பியின் நடுவில் ஒரு அச்சு. அந்த அச்சு, பூவனலிங்கம் அண்ணாச்சி எம்.எஸ். கம்பியில் கடைந்து கொடுத்தது. கூடை நிறையக் கல் ஏறி வரும்போது அத்தனை பாரமும் அந்த ஒற்றை அச்சின் மேல்தான்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள். அடைமழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். கீழே ஒரு பெரிய பாறை பெயர்ந்தது. உடைத்து ஏற்றினால் பொழுது போகும். ‘முழுசா ஏத்துங்கலே, தாங்கும்’ என்றார்கள். ஏற்றினார்கள். கூடை பாதிக் கிணற்றுக்கு வந்தது. அப்போது மேலே கப்பி அழுதது. கிறீச் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் கிறீச். சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். கப்பி ஒரு பக்கமாகத் தலை சாய்ந்திருந்தது. பக்கச் சுவரில் வெட்டியிருந்த பொந்துக்குள் ஒண்டிக்கொண்டார். கப்பி இன்னும் சாய்ந்து, வடம் ஓரத்தில் சிக்கி இறுகி, கூடை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. விழவில்லை! அவர் ஓரத்துப் படி வழியாக மேலே ஏறி வந்துவிட்டார்.

மேலே வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கூடையைக் கயிறு மாற்றிக் கட்டி இறக்கினார்கள். அச்சைக் கழற்றினார்கள். வில்லாக வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் பெரியவருக்கு வந்ததே கோபம்! ‘என்னவே பூவனலிங்கம், இரும்பு கேட்டா முருங்கைக் கம்பைக் கடஞ்சு குடுத்திருக்கீரு? எம்.எஸ்.ன்னு சொல்லும்போதே நெனச்சேன், மட்டச் சரக்கு!’ என்றார். அண்ணாச்சியும் விடவில்லை. ‘ஒரு ஆனை ஏறுத பலகைல ஒம்பது ஆனைய ஏத்திட்டு, பலகையைக் குத்தம் சொல்லுதீகளே அண்ணாச்சி!’ என்றார். ‘முறியாத இரும்பு வேணும்வே எனக்கு, வளையாத இரும்பு வேணும்!’ என்று இவர் சொல்ல, ‘அப்போ நீங்களே பாத்துக்கிடுங்க’ என்று அவர் சொல்ல, இருவருக்கும் பேச்சு நின்றது. இன்றைக்கு ஒரே பந்தலில் இருந்தும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கவில்லை. நான் இங்கிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

(சிரிப்பு)

பெரியவர் என்ன செய்தார்? பழைய லாரி ஆக்சில் ஒன்றை வாங்கினார். கரி கூடுதலான, கெட்டியான இரும்பு. வேறொரு பட்டறையில் கொடுத்து, அதிலே அச்சு செய்து, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, அரம் வைத்தால் அரம் வழுக்குகிற அளவுக்குக் கெட்டியாக்கிக் கொண்டுவந்தார். எதற்காக? இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெருமைக்காக அல்ல. பிடிவாதத்துக்காகவும் அல்ல. அன்று கூடை அந்தரத்தில் ஆடியபோது கிணற்று மேட்டில் நின்று ‘கொம்பையா! கொம்பையா!’ என்று தொண்டை கிழியக் கத்தியது யார்? இதே பெரியவர்தான். இனி ஒரு தடவை அப்படிக் கத்த நேரக் கூடாது என்றுதான் கெட்டி இரும்பைத் தேடிப் போனார். அவரது நெஞ்சில் குறை இல்லை. குறை அந்த இரும்பில் இருக்கிறது.

அந்தப் புது அச்சு எங்கே? இதோ, பூசைப் பலகையின் நடுவில், மாலை போட்டுப் படுத்திருக்கிறது. பேச்சு நின்றாலும், எல்லோருக்கும் பொதுவான பூசை என்பதால் அவர் அச்சும் இங்கேதான் வந்தது. நாளைக்கு விசயதசமி. மறுபூசை முடிந்ததும் அச்சு நேராகக் கிணற்றுக்குப் போகிறது. கப்பியில் ஏறுகிறது. அதன் கீழே என் சித்தப்பா இறங்குகிறார்.

எரிகிற அரிக்கேன் விளக்கின் சிமினியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? படீர்! தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். கரி கூடுதலான இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சடாரென்று தண்ணீரில் முக்கினாலும் சில நேரம் அதே கதிதான். உடம்பு கெட்டிப்படும், உள்ளே ஒரு விரிசல் ஓடும். கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்காது. பாரம் ஏறுகிற நாள்வரை பத்திரமாக ஒளிந்திருக்கும். அப்புறம் வளையாது, சாயாது, அழாது. ஒரே முறி!

‘அது எல்லா அச்சுக்குமா? இந்த அச்சுல விரிசல் இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

மத்தியானம் தீபாராதனையின்போது நான் இந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் கற்பூரத்தைப் பார்த்தார்கள். நான் கும்பிட்டுவிட்டு அச்சைப் பார்த்தேன். பிசுக்குப் போக நேற்று முழுக்க அது மண்ணெண்ணெய்த் தொட்டியில் கிடந்தது. இன்று காலை துணியால் துடைத்தார்கள். உலர்ந்த திருநீற்றை உடம்பு முழுக்கப் பூசினார்கள். அந்த வெள்ளைக்கு நடுவே, அச்சைச் சுற்றிப் பாதி வட்டமாக, தலைமுடி கனத்தில் ஒரு ஈரக் கோடு. யார் போட்டது அந்தக் கோட்டை? ஓட்டையிலிருந்து எறும்பு வருவதுபோல, விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே வருகிறது. உலர்ந்த திருநீறு அதை உறிஞ்சுகிறது. ரயில் பெட்டிகளின் அச்சுகளை எண்ணெயில் நனைத்துத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி, இப்படித்தான் சோதிப்பார்கள் என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் சோதிக்கவில்லை. பூசை செய்தோம், அது தானாகச் சொல்லிவிட்டது.

என்ன அய்யா? ‘சந்தனம் ஒழுகியிருக்கும்’ என்கிறீர்களா? இருக்கலாம். ‘எண்ணெய்க் கை பட்டிருக்கும்’ என்கிறீர்களா? அதுவும் இருக்கலாம். அப்படியானால் துடைத்துவிட்டு மறுபடி பூசிப் பார்ப்போமே!

‘பூசைல இருக்க சாமானை நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாது தாயி’ என்று தலைவர் பதறுகிறார். தெரியும் அய்யா. சம்மட்டி எடுத்து அடித்துப் பார்க்கலாம் என்றால் சம்மட்டியும் பூசையில் இருக்கிறது! வேலைக்காகத் தொடுவதுதான் தப்பு. திருநீறு பூசுவது வேலையா? அது பூசை அல்லவா? பூசைக்கு மேல் பூசை செய்தால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்?

(பலத்த கைதட்டல்)

யார் பூசுவது? நான் பூசினால் ஏதோ மாயம் செய்தேன் என்பீர்கள். அண்ணாச்சி பூசினால் பழைய பகை என்பீர்கள். பெரியவர் பரமசிவன் அவர்களே, உங்கள் அச்சு, உங்கள் கை. தயவுசெய்து மேடைக்கு வர வேண்டும்.

எழுந்துவிட்டார். வழி விடுங்கள் தம்பிகளே. துண்டால் துடைக்கிறார், நன்றாக அழுத்தியே துடைக்கிறார். தட்டிலிருந்து திருநீற்றை அள்ளுகிறார். கொட்டிப் பூசுகிறார். போதும் அய்யா. கொஞ்ச நேரம் ஆகும். நீங்கள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள். நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பழைய அச்சு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டீர்களா? பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் காணோம். எடுத்தது யார்? சித்தப்பா வீட்டுக்காரி, எங்கள் சித்தி பெத்தம்மாள். அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எனக்குப் படித்த பிள்ளையின் புத்தி. ‘என்ன சித்தி, இரும்பைப் போயிக் கும்பிடுதீய?’ என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: ‘ஏட்டி, அது முறிஞ்சிருந்தா இந்நேரம் இந்த மஞ்சள் யாருக்கு? எனக்கா இருக்கும்? தன் முதுகை வளச்சு என் மஞ்சளை நிப்பாட்டிருக்கு. அதுக்கு ஒரு விரக்கடை பூசுனா கொறஞ்சா போவேன்?’

சித்தியும் இங்கேதான் வந்திருக்கிறாள். சித்தி, அந்தச் சாக்குப் பையை இப்படிக் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள், நானே கூச்சத்தை விட்டுவிட்டு நிற்கிறேன். இதோ, அந்த அச்சு! பாருங்கள். வில்லாக வளைந்திருக்கிறது. எங்கேயாவது கீறல் இருக்கிறதா? வெடிப்பு இருக்கிறதா? தாங்க முடியாத பாரத்தைத் தந்தோம். ‘என்னால முடியலப்பா’ என்று அது அழுதது, சாய்ந்தது, வளைந்தது. ஆனால் கைவிடவில்லை! கைவிட்டதா? கைவிடவே இல்லை!

வளைந்து கொடுப்பவர்களை நாம் என்ன சொல்கிறோம்? முதுகெலும்பு இல்லாதவன் என்கிறோம். முறிந்து விழுபவனை வீரன் என்கிறோம். கிணற்றின் மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு சரி. கிணற்றின் அடியில் நிற்கிறவனிடம் கேளுங்கள், தலைக்கு மேலே எந்த இரும்பு வேண்டும் என்று!

அதற்காக, மறுபடியும் அதே அளவுக் கம்பியைப் போட்டு அதே பாறையை ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டி வளைத்தால் எம்.எஸ். கம்பி தானாக நிமிராது. தொடர்ந்து பாரம் ஏற்றினால் கடைசியில் அதுவும் போய்விடும். எனவே கம்பியைக் கனமாக்குங்கள். கம்பியின் குறுக்களவை இரட்டித்தால் எத்தனை மடங்கு தாங்கும்? இரண்டு மடங்கா? இல்லை, எட்டு மடங்கு! உருட்டுக் கம்பியின் கணக்கு அப்படி. பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு அது வாய்க்கணக்கு. தலைவரின் கடையில் கனமான எம்.எஸ். கம்பி கிடக்கிறது. பாறையையும் உடைத்து ஏற்றுங்கள். கனம் கம்பியில் கூடட்டும், கூடையில் குறையட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

என்ன அங்கே சலசலப்பு? பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போடுகிறார். கிட்டக் குனிகிறார். அய்யா, என்ன தெரிகிறது? நான் சொல்ல மாட்டேன், நீங்களே சபைக்குச் சொல்லுங்கள்.

‘கோடு வருது’ என்கிறார்.

சபைக்குக் கேட்கவில்லை அய்யா.

‘கோடு வருது தாயி! அதே எடத்துல, அதே கோடு! யாத்தாடி... இதைப் போட்டா கொம்பையாவை எறக்க இருந்தேன்?’

யாரும் கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கைதட்ட வேண்டாம். அந்தப் பெரியவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நாற்காலி போடுங்கள். பூவனலிங்கம் அண்ணாச்சி எழுந்து போகிறார். தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். ‘விடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகலைல்லா. நாளைக்குக் காலைல மறுபூசை முடிஞ்ச கையோட கனமான ராடு வச்சு மொத வேலையாக் கடஞ்சு தாரேன்’ என்கிறார். பெரியவர், ‘எம்.எஸ்.லதான கடையப் போறீரு?’ என்கிறார். ‘பின்னே?’ ‘அதுலயே கடையும்வே!’

இந்தப் பேச்சுக்கு நான் இன்னும் என்ன அலங்காரம் செய்வது? பேசாமல் இருந்த இருவர் பேசிவிட்டார்கள்.

இன்னும் ஒன்று மட்டும். அன்று கிணற்றை விட்டு மேலே வந்த சித்தப்பாவிடம் ‘எப்படி மாமா தப்பிச்சீய?’ என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா சொன்னார்: ‘நான் எங்க தப்பிச்சேன்? அந்த அச்சு முன்னால சொல்லிச்சு. கேட்டேன், ஒதுங்கிட்டேன்.’

முன்னால சொல்லிச்சு! பின் வரிசை அண்ணாச்சி, நீங்கள் எம்.எஸ். என்றால் மட்டச் சரக்கு என்றீர்கள். இன்று முதல் இந்தக் கரிசல் பூமியில் அந்த இரண்டு எழுத்துக்கு வேறு அர்த்தம் எழுதிக்கொள்வோம். எம்.எஸ். என்றால் என்ன?

சித்தி! கூட்டத்தில் முதல் குரலாக எங்கள் சித்தி சொல்கிறாள்: ‘முன்னால சொல்லும்!’ உரக்கச் சொல்லுங்கள் தாய்மார்களே! ‘முன்னால சொல்லும்!’ தம்பிகளே! ‘முன்னால சொல்லும்!’

நமது வீடுகளில் யாரும் சொல்லாமல் வெளியே போவதில்லை. ‘போறேன்’ என்றுகூடச் சொல்வதில்லை. ‘போயிட்டு வாரேன்’ என்கிறோம். நாளை புது அச்சு ஏறிய பிறகு என் சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டு இறங்குவார். சொன்னபடி வருவார். அதற்கு இடம் கொடுத்த தலைவருக்கும், தன் கையாலேயே உண்மையைப் பூசிப் பார்த்த பெரியவருக்கும், கம்பியைக் கைவிடாத அண்ணாச்சிக்கும், வளைந்த இரும்பை வாழ வைத்த பெத்தம்மாளுக்கும், பொரிகடலை தீர்ந்த பிறகும் எழுந்து போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்தி நன்றி. அந்த மூலையில் நிற்கும் கறுப்புக் கம்பிக்கு யாராவது ஒரு பொட்டு வையுங்கள்.

போயிட்டு வாரேன். வணக்கம்.